குளிரூட்டி எதை ஊட்டுகிறது?

போன சித்திரையில், பாளையங்கோட்டை டீக்கடையில் ஒரு அண்ணாச்சி பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன வே, 2032லேருந்து ஏசியெல்லாம் புடுங்கிருவானுவளாம்லா?" வாங்கிப் பார்த்தேன். குளிரூட்டிகளைப் படிப்படியாகக் குறைக்கப் போகிறார்கள் என்கிற தோரணையில் எழுதியிருந்தது.

2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டது எந்திரத்தைக் குறைக்க அல்ல, அதற்குள் சுற்றிவரும் ஹைட்ரோஃபுளோரோகார்பன் வாயுக்களைக் குறைக்க. இந்தியா அந்தக் குறைப்பைத் தொடங்க வேண்டிய ஆண்டுதான் 2032. பேப்பரில் அதைத் தமிழாக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு எந்திரமும் குளிரூட்டி, வாயுவும் குளிரூட்டி. ஏசி மெக்கானிக்கிடம் இந்தக் குழப்பமே கிடையாது. "கேஸ் இறங்கிட்டு, அடிக்கணும்" என்பார். இறங்கிய கேஸ் எங்கே போனது என்பதுதான் கிகாலிக்காரர்களின் கவலை. ஏசிகளில் இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32 என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், சுமார் 675 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். பழைய ஆர்-410ஏ என்றால் 2,000 கிலோவுக்கும் மேல்.

மூலச்சொல்லில் குளிரே இல்லை. 'ஏர் கண்டிஷனிங்' என்று 1906இல் சொன்னவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க நூற்பாலைப் பொறியாளர். நூலுக்காக ஆலைக் காற்றில் ஈரம் சேர்ப்பதைத்தான் அப்படிச் சொன்னார். 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த எந்திரமும் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்காமல் இருக்கத்தான். நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: பதம். அல்வாவுக்குப் பதம் உண்டு, உழவுக்கு மண் பதம் உண்டு. காற்றைப் பதப்படுத்துவது காற்றுப்பதனம்.

'குளிர்சாதனம்' பற்றி எனக்குப் பெரிய வழக்கில்லை. சாதனம் வடசொல் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். என் சண்டை 'ஊட்டி'யோடுதான். சோறூட்டுகிறோம், பாலூட்டுகிறோம், கையில் ஒன்று இருக்கிறது, ஊட்டுகிறோம். ஏசியின் கையில் குளிர் என்று ஒரு பண்டம் இல்லை. அது செய்வது மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கிற கமலை வேலை. அறை கிணறு, வெப்பம் தண்ணீர், கேஸ்தான் முகக்கிற சால். உள்ளே முகந்து வெளியே தெருவில் கொட்டுகிறது. இழுக்கிற மாடு மின்சாரம், அதன் உழைப்பின் சூடும் தெருவுக்கே. உள்ளிருந்து எடுத்ததைவிட வெளியே விடுவது எப்போதும் கூடுதல். நாலு வீட்டு அவுட்டோர் யூனிட் ஒரே சந்துக்குள் ஊதும்போது அங்கே நின்று பாருங்கள், அது ஊட்டுவது என்ன என்று தெரியும். மாட்டுக்குத் தீவனம் தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரியிலிருந்தும் வருகிறது. கயத்தாறு காற்றாலைகள் ஆனி, ஆடியில் விரட்டிச் சுற்றும். நாம் ஏசியை விடாமல் ஓட்டுவது சித்திரை, வைகாசி. 'குளிரூட்டி' என்ற ஒரு சொல் இத்தனையையும் மூடிவிட்டு, ஏதோ தாய் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரிக் காட்டுகிறது.

காற்றுப்பதனம் செய்யும் எந்திரத்தைக் 'காற்றுப்பதனி' என்றால் எங்கள் ஊரில் ஒரு தொல்லை. இங்கே பதனி என்றால் பனையிலிருந்து இறக்குவது. ஆனால் யோசித்தால் அதுவும் உறவுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் பதப்படுத்திய நீர்தானே பதநீர்? சிலர் சிபாரிசு செய்யும் 'வளிப்பதனி' இங்கே எடுபடாது. வளியும் வழியும் எங்கள் வாயில் ஒன்றுதான்; வளிப்பதனி என்றால் போகிற வழியில் பதனி விற்கிறார்கள் என்றுதான் கேட்கும்.

ஆகவே எந்திரத்துக்குக் காற்றுப்பதனி. இல்லையென்றால் ஏசி என்றே எழுதுங்கள், குடி முழுகிவிடாது. உள்ளே சுற்றுவதற்குக் குளிர்பதன வாயு. அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ ஏசி இருக்கும்லா?" என்று கேட்டுவிட்டு டீக்குக் காசு கொடுத்தார்.