சிலைக் குறிப்பில் விட்டுப்போன கயிறு

அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒரு சிலையை ஏற்றும்போது உலோகம், உயரம், எடை, காலம், கிடைத்த ஊர் எல்லாம் எழுதிவிடுகிறோம். அந்த உருவத்துக்கு உடல் குறைபாடு இருந்தால் மட்டும் பேனா தயங்குகிறது. ஒன்று, அதை எழுதாமல் விடுகிறோம். இல்லையென்றால் அற்புதக் கதையாக்கிவிடுகிறோம்.

டெல்டாவில் இது பெரிய இழப்பு. திருவாரூர்த் தண்டியடிகள் அறுபத்துமூவரில் ஒருவர், பார்வையற்றவர். தூர்ந்துகொண்டிருந்த கோயில் குளத்தைத் தாமே தோண்ட இறங்கினார். குளத்துக்குள் ஒரு தறி (நடுகம்பு), கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண்ணைச் சுமந்து வந்து கொட்டினார் என்கிறது பெரியபுராணம். பார்வையில்லாத ஒருவர் தன் வேலைக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாடு இது! நான் பார்த்த குறிப்புகளில் அவருக்குக் கண் கிடைத்த செய்தி இருக்கும், கயிறு இருக்காது. அதே கதையில் அவரைப் பழித்த சமணர்களுக்குப் பார்வை போவது தண்டனையாக வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம் முயலகன். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்து நடராசர் திருமேனிகளின் காலடியில் குட்டை உடலோடு கிடப்பவன். ‘அறியாமையின் உருவம்’ என்று சொல்லிவிட்டு வழிகாட்டிகள் நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளை ஒன்று நின்றால் அது என்ன நினைக்கும்? வலிப்பு நோய்க்கும் முயலகன் என்ற பெயர் உண்டு. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு அந்த நோய் தீரச் சம்பந்தர் பாடிய தலம் திருவாசி. அங்கே நடராசர் காலடியில் இருப்பது முயலகன் அல்ல, பாம்பு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே பார்வையாளர் யோசிக்கத் தொடங்குவார்.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் ஓவியங்களோடு இருக்கின்றன. மருத்துவத்தின் பெருமையாகவே அவற்றைக் காட்டுகிறோம், சரி. அந்தக் கண்ணுக்கு உரிய மனிதரைப் பற்றியும் கிடைத்தவரை சொல்ல வேண்டாமா?

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பழைய பதிவேட்டில் ‘குருடன்’, ‘நொண்டி’ என்று இருந்தால் அழிக்காதீர்கள், அதுவும் ஆவணம். தேதியிட்டுப் பக்கத்தில் புதிய விவரம் சேர்த்தால் போதும். காட்சிக் குறிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் உள்ளூர் மாற்றுத்திறனாளிகளிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் மாற்றச் சொன்னதை மாற்றுங்கள். செலவிட்ட நேரத்துக்கு ஊதியமும் கொடுங்கள்.