பிரைமரைப் பார்த்து அழுத்தத்தை அளக்காதீர்கள்

தன் தோட்டாக்களுக்குத் தானே பவுடர் நிரப்பிக்கொள்ளும் ஒருவர் போன வாரம் என் பட்டறைக்குக் கொண்டுவந்த ரைஃபிளின் போல்ட் (பேரலின் பின்பக்கத்தை மூடும் தண்டு) திறக்கவே மறுத்தது. ரப்பர் சுத்தியலால் பதமாகத் தட்டித் தட்டித்தான் கைப்பிடியை மேலே தூக்க முடிந்தது. தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸ் வெளியே வந்ததும் அதன் அடியில், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் பதிந்த வட்டத் தடம் பளபளவென்று தெரிந்தது. கேஸ் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் தானாகவே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. இந்த வருடத்தில் இப்படி வந்தது இது நான்காவது.

கொண்டுவந்தவர் கெட்டிக்காரர். உரிமம், தராசு, புல்லட் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் எல்லாம் வைத்திருக்கிறார். "அண்ணே, இதுக்கு முன்னாடி சுட்டதுல பிரைமர் ஓரமெல்லாம் உருண்டையாத்தானே இருந்துச்சு? அதனாலதான் இன்னும் கொஞ்சம் பவுடர் ஏத்தினேன்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

பிரைமர் தட்டையாகாதவரை அழுத்தம் பத்திரமான அளவில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. பிரைமர் என்பது ஒரு சின்ன உலோகக் கிண்ணம். ஒரு நிறுவனம் அதைக் கெட்டியாகச் செய்கிறது, இன்னொன்று மெல்லியதாக. மெல்லியது சாதாரண லோடிலேயே (தோட்டாவில் நிரப்பும் பவுடர் அளவு) தட்டையாகும், கெட்டியானது ஆபத்தான லோடிலும் அசையாது. தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் கேஸுக்குப் பின்னால் இடைவெளி கூடுதலாக இருந்தால், குறைந்த அழுத்தத்திலும் பிரைமர் பின்னுக்கு வந்து நசுங்கும். ஆகவே தட்டையாக இருப்பதை வைத்தும் முடிவு சொல்ல முடியாது, உருண்டையாக இருப்பதை வைத்தும் முடியாது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பல நேரங்களில் அந்த வரம்பை நன்றாகத் தாண்டிய பிறகுதான் போல்ட் இறுகுவதும் கேஸ் அடியில் தடம் விழுவதும் கண்ணில் படும். அறிகுறி தெரிகிறது என்றால் எல்லை எப்போதோ பின்னால் போய்விட்டது. அறிகுறி தெரியவில்லை என்பதற்காக எல்லைக்குள் இருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

குரோனோகிராஃபைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வேகத்தை மட்டும்தான் அளக்கும். ஆனால் அழுத்தம் இல்லாமல் வேகம் வராது. உங்கள் பேரல் நீளத்துக்கு, லோடு அளவுகளைத் தரும் மேனுவல் சொல்லும் உச்ச வேகத்தை உங்கள் லோடு தாண்டுகிறதென்றால், "என் பேரல் வேகமானது" என்று மகிழாதீர்கள். கூடுதல் அழுத்தம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தை நெருங்க நெருங்க, கொஞ்சம் வேகத்துக்காக ஏற்றும் பவுடருக்கு அழுத்தம் பல மடங்கு விலை கேட்கும்.

இத்தனை ஆபத்தையும் எதற்காக ஏற்கிறோம்? 168 கிரெய்ன் எடையுள்ள புல்லட்டை நொடிக்கு 800 மீட்டருக்குப் பதிலாக 830 மீட்டரில் அனுப்பினால், 100 மீட்டருக்குப் பார்வை சரிசெய்த ரைஃபிளில் 300 மீட்டரில் இறக்கம் நாலைந்து சென்டிமீட்டர்தான் குறையும். அதை ஸ்கோப் திருகில் இரண்டு கிளிக் திருப்பினால் சரிக்கட்டிவிடலாம். இலக்கில் சிதறி விழும் குண்டுகளை எந்தத் திருகாலும் சேர்க்க முடியாது. என் அனுபவத்தில், பெரும்பாலான ரைஃபிள்கள் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான் குண்டுகளை ஒரே இடத்தில் வைக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். மூன்று குண்டு ஒட்டி விழுந்ததும் "இதுதான் லோடு" என்று எழுதி வைக்காதீர்கள், மூன்று குண்டு தற்செயலாகவும் ஒட்டி விழும். அதே லோடை வேறொரு நாளில் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள்.

மேனுவலின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள், உச்சத்திலிருந்து ஒருபோதும் வேண்டாம். கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் இவற்றில் ஒன்றை மாற்றினாலும் திரும்பத் தொடக்கத்துக்கே போங்கள். ராணுவ கேஸ்களில் பலவற்றுக்குச் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே பவுடர் அங்கே கூடுதல் அழுத்தம் கொடுக்கும். கழுத்து நீண்ட கேஸைச் சீவாமல் விட்டால் சேம்பர் அதை நெரித்து புல்லட்டைக் கவ்விக்கொள்ளும். புல்லட் பேரலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகளைத் தொட உட்கார்ந்திருந்தாலும் அழுத்தம் ஏறும். வெயிலில் கிடந்த தோட்டாவும் அப்படித்தான். மேசைமேல் ஒரே ஒரு பவுடர் டப்பா இருக்கட்டும். ஒரு கிராம் 15 கிரெய்னுக்கும் மேல், ஆகவே தராசு எந்த அலகில் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சோதனை எடைக்கல்லை வைத்து நிறுத்துப் பாருங்கள். நண்பர் சொன்ன லோடு அவருடைய ரைஃபிளுக்கு மட்டும் உரியது.

கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிரைமரில் துளை விழுந்தால் வாயு பின்பக்கமாகத்தான் வரும், உங்கள் முகம் அங்கேதான் இருக்கிறது. சத்தம் மெலிதாகக் கேட்டாலோ உதைப்பு குறைந்தாலோ அடுத்த குண்டைச் சுடவே கூடாது. குழல் இலக்கின் பக்கம் நோக்கியபடி சற்றுக் காத்திருந்து, போல்ட்டை எடுத்துவிட்டு, பேரல் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே புல்லட் தங்கியிருந்தால் அடுத்தது பேரலையே கிழித்துவிடும்.

அவர் ரைஃபிளின் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் பற்களில் விரிசல் உண்டா என்று சாயம் தடவிச் சோதித்தேன், இல்லை. மீதியிருந்த 36 தோட்டாக்களை என்ன செய்வது என்று கேட்டார். ஒன்றைக்கூடச் சுட வேண்டாம், எல்லாவற்றிலும் புல்லட்டை இழுத்தெடுத்துப் பிரித்துவிடுங்கள் என்றேன். ஏற்கெனவே சுட்ட கேஸ்களில் பிரைமர் குழி தளர்ந்தவற்றை அங்கேயே இடுக்கியால் நசுக்கி, பழைய பித்தளையோடு போட்டோம்.