வீனஸ் ஈப்பொறிக்கு இறைச்சி ஊட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது செடி. சிறிய தொட்டியொன்றில் துவண்டு கிடந்த, பூச்சி பிடிக்கும் செடியான வீனஸ் ஈப்பொறியை ஒரு தாயும் அவருடைய பத்து வயது மகனும் எங்கள் பசுமைக்குடிலுக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சி சிக்கினால் மூடிக்கொள்ளும் அதன் ஏழு இலைப்பொறிகளில் ஐந்து கறுத்துப்போயிருந்தன. அவற்றுள் பெரியதை இடுக்கியால் மெல்லப் பிரித்தேன். இரு மடல்களுக்கும் நடுவே, கூழாகிச் சாம்பல் நிறமேறிய இறைச்சித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. “பட்டினி கிடக்கக் கூடாதே என்று தினமும் கொஞ்சம் கொடுத்தேன்” என்றான் சிறுவன். அவன்மீது எனக்குக் கோபமில்லை. செடியை விற்றவர் ‘இது மாமிசம் தின்னும் செடி’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு சொல்லால் சாகும் செடிகளை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சி இந்தச் செடிகளுக்கு உணவு அன்று, உரம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று தோன்றுகிறது. மற்றப் பச்சைச் செடிகளைப் போலவே இவையும் தமக்கு வேண்டிய உணவை வெயில், நீர், காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு இலைகளிலேயே ஆக்கிக்கொள்கின்றன. பூச்சியே கிடைக்காத செடி பட்டினியால் சாவதில்லை. வளர்ச்சி மந்தப்படும், அவ்வளவே. வெயில் கிடைக்காத செடியோ, எத்தனை பூச்சி கொடுத்தாலும் நலியும். வீனஸ் ஈப்பொறி இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில், ஈரம் மிகுந்த மணற்பாங்கான நிலங்களில் மட்டுமே. அங்கே வெயிலுக்கும் நீருக்கும் குறைவில்லை. மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. வேரால் பெற முடியாத அந்தச் சத்துகளை இலையால் பெறுவதற்கான ஏற்பாடே பொறி.

இன்னும் ஐயமிருந்தால் போர்னியோ தீவின் மலைகளில் வளரும் நெப்பந்தஸ் லோவி என்ற, குடுவை வடிவப் பொறி கொண்ட தாவரத்தைப் பாருங்கள். அதன் முதிர்ந்த குடுவைகளின் மூடியடியில் சுரக்கும் பசையை நக்க வரும் மரமூஞ்சூறு, குடுவையின்மேல் அமர்ந்து அதற்குள்ளேயே எச்சமிட்டுவிட்டுப் போகிறது. அந்த எச்சத்திலுள்ள தழைச்சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. நெப்பந்தஸ் ஆம்புலேரியா என்ற மற்றோர் இனம், மேலேயிருந்து உதிரும் சருகுகளைக் குடுவையில் ஏந்தி, அவற்றிலிருந்தும் சத்தெடுக்கிறது. எச்சத்தையும் சருகையும் வாங்கிக்கொள்ளும் இந்தக் குடும்பத்தை ‘மாமிச வெறி கொண்டது’ என்று பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இவை தேடுவது எரு.

சரி, எருதானே, இறைச்சியிலும் தழைச்சத்து இருக்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பொறி வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மடலின் உட்புறத்திலும் பெரும்பாலும் மூன்று தூண்டுமயிர்கள் இருக்கும். ஏறத்தாழ 20 விநாடிகளுக்குள் இருமுறை அவை தீண்டப்பட்டால், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மடல்கள் மூடிக்கொள்ளும். பலரும் இத்துடன் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அப்போது பொறி பாதிதான் மூடியிருக்கிறது. விளிம்புப் பற்கள் கம்பிக்கூண்டு போல நிற்கின்றன, சிற்றெறும்பு அந்த இடைவெளியில் தப்பிப் போய்விடும். உள்ளே சிக்கிய பூச்சி துடிக்கத் துடிக்க மயிர்கள் மீண்டும் மீண்டும் தீண்டப்படுகின்றன. செடி அந்தத் தீண்டல்களை எண்ணுகிறது என்பதையும், ஏறக்குறைய ஐந்து தீண்டல்களுக்குப் பிறகே செரிமான நொதிகளை ஆக்கும் பணி முடுக்கிவிடப்படுகிறது என்பதையும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். அதன் பிறகுதான் விளிம்புகள் நீர் புகாதபடி இறுகி, இலை ஓர் இரைப்பையாகிறது. அமிலம் கலந்த நீர் ஊறுகிறது. புரதத்தைச் சிதைக்கும் நொதியும், பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினைச் சிதைக்கும் நொதியும் சேர்ந்து, ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் உள்ளிருக்கும் மென்பகுதியைக் கரைத்துவிடுகின்றன. பொறி மீண்டும் திறக்கும்போது எஞ்சுவது வெறுங்கூடுதான்.

இறைச்சித் துண்டு துடிப்பதில்லை. பொறி மூடும், ஆனால் இறுகாது. நொதி போதிய அளவு சுரக்காது. திறந்த விளிம்பின் வழியே காற்றும் கிருமியும் தாராளமாகப் புகும். பூச்சிக்கு ஓடு இருக்கிறது, இறைச்சித் துண்டுக்கு அதுவும் இல்லை. செடி செரிப்பதற்கு முன்பே கிருமிகள் அதை அழுக வைத்துவிடுகின்றன. அழுகல் மடலையும் பற்றிக்கொள்கிறது. செத்த பூச்சியை வைத்தாலும் இதே இடர் உண்டு. எங்கள் பசுமைக்குடிலில் காய்ந்த பூச்சியை ஊட்ட நேரும்போது, பொறி மூடியபின் மடல்களை வெளிப்புறமாக விரல் நுனியால் ஒரு நிமிடம் இலேசாகப் பிசைந்துவிடுவோம். உள்ளே மயிர்கள் அசைந்து, இரை உயிரோடிருப்பதாகச் செடி எண்ணிக்கொள்ளும். பூச்சியின் அளவு பொறியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் விளிம்பு இறுகாது.

விரலை விட்டு மூடவைத்து வேடிக்கை காட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். வெறுமனே மூடிய பொறி மறுபடி திறக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், அந்தத் திறப்பு இலையின் வளர்ச்சியால் நிகழ்வது. ஒரு பொறி தன் வாழ்நாளில் சில தடவைகளே மூடித் திறக்க வல்லது. விருந்தினர் ஐந்துபேர் ஆளுக்கொரு முறை மூடவைத்தால் அந்த இலையின் பயன் ஏறக்குறைய முடிந்துபோகும்.

மற்ற இனங்களுக்கும் நேரும் கேடுகள் குறைவில்லை. பசையால் பூச்சி பிடிக்கும் ட்ரோசிரா செடியின் இலையிழைகளின் நுனிகளில் மின்னும் துளிகளை அழுக்கென்று துடைத்துவிடுகிறார்கள். அந்தத் துளிகளே அதன் வலை. ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த எடையுள்ள மயிர்த்துணுக்குக்கும் அதன் இழைகள் வளைவதை டார்வின் கண்டார். அதே இழைகள் மழைத்துளிக்கு வளைவதில்லை என்பதையும் கண்டார். நெப்பந்தஸ் குடுவையிலுள்ள நீரைத் தேங்கிய மழைநீர் என்று எண்ணிக் கொட்டிக் கழுவுகிறவர்களும் உண்டு. மூடி திறப்பதற்கு முன்பே செடி தானாகச் சுரந்து வைத்த நீர் அது. அதிலுள்ள நொதி, நம் இரைப்பையிலுள்ள பெப்சினைப் போல அமிலத்தில் வேலை செய்வது. அதைக் கொட்டினால் குடுவை வெறும் பாத்திரம்.

கொசு ஒழியும் என்று வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். இயற்கையில் வீனஸ் ஈப்பொறியில் அதிகமாக அகப்படுவன எறும்பும் சிலந்தியுமே, பறக்கும் பூச்சிகள் குறைவு. கொசுவுக்குக் கொசுவலை வாங்குங்கள்.

வளர்ப்பதென்றால் மழைநீரோ வாலைவடிநீரோ மட்டும் ஊற்றுங்கள். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள உப்பு மண்ணில் படிந்து, சில மாதங்களில் வேரைக் கருக்கிவிடும். தொழுவுரம், மண்புழு உரம், கடையில் விற்கும் உரக்கலவை எதையும் மண்ணில் இடாதீர்கள். சத்தற்ற ஸ்பாக்னம் பாசியும் கழுவிய மணலும் போதும். ஈப்பொறியை நல்ல வெயிலில் வையுங்கள். குளிர்காலத்தில் அது மூன்று நான்கு மாதம் இலை சுருங்கி உறங்கும், செத்ததென்று எறிந்துவிடாதீர்கள். காட்டிலிருந்து பிடுங்கிய செடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வட கரோலினாவில் காட்டு ஈப்பொறியைத் திருடுவது 2014 முதல் கடுங்குற்றம்.

அந்தச் சிறுவனின் செடியில் கறுத்த இலைகளை அடியோடு வெட்டினேன். மண்ணைக் கழுவிப் பார்த்தபோது கிழங்கு வெண்மையாக, அழுத்தினால் குழையாமல் இருந்தது. புதுப் பாசியில் நட்டு, நடுவில் அரிசியளவு எட்டிப் பார்த்த பச்சை முளையை அவனுக்குக் காட்டினேன். ஆறு வாரத்துக்கு எதையும் ஊட்டாமல் வெயிலில் வைப்பதாக ஒப்புக்கொண்டு, தொட்டியை இரு கைகளாலும் பிடித்தபடி போனான்.