நன்றாக இருக்கும் சாலைக்கு ஏன் முதலில் பணம்?

குண்டும் குழியுமாகக் கிடக்கும் தெருவை விட்டுவிட்டு, பார்வைக்கு நன்றாகவே இருக்கும் தெருவுக்குப் பணம் ஒதுக்கினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் சாலை மேம்பாட்டுக்காக அரசிடம் நிதி கேட்கும் நகர நிர்வாகம் விவரம் தெரிந்ததாக இருந்தால், அந்த இரண்டாவது தெருவைப் பட்டியலின் அடியில் தள்ளாது. காரணம், சாலை கெட்டுப்போகும் விதத்தில் இருக்கிறது.

தார்ச்சாலை ஒரே சீராகத் தேய்வதில்லை. முதல் சில ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. கனமான சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் தார்க்கலவை அடுக்கு நூலளவு வளைந்து நிமிர்கிறது. வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. பல சாலைகளில் விரிசல் அங்கேதான் பிறக்கிறது. மேலே ஏறிவந்து நம் கண்ணில் படும்போது அது முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமான வலையாகிவிட்டிருக்கும். அந்த வலை வழியே மழைநீர் இறங்கி ஜல்லி அடித்தளத்தை நெகிழ்த்திவிடும். அதன்பிறகு சாலை மளமளவென்று உருக்குலையும். விரிசல் தலைகாட்டும்போதே அடைத்து மேல்பூச்சு போட ஆகும் செலவு, அடித்தளம் வரை தோண்டிப் புதிதாகப் போடும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இதை நிதி கொடுப்பவரிடம் வாயால் சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கிய ஒரு முறையில், சாலையின் நிலைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் உண்டு. விரிசல், குழி போன்ற சேதங்களின் வகை, கடுமை, பரப்பு ஆகியவற்றைப் பார்த்து 100இலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். மேற்பரப்பின் மேடு பள்ளத்துக்கு வேறோர் அளவு இருக்கிறது. 1982இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய ஆய்விலிருந்து வந்த கரடுமுரடுக் குறியீடு அது.

கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தை அளக்கும் விதம் இன்னும் அழகானது. ஒரு வண்டியிலிருந்து, சாலைமேல் வைத்த வட்டத் தகட்டின்மீது பெரிய எடையை விழச் செய்கிறார்கள். அந்தக் கணத்தில் சாலை எவ்வளவு அமுங்கியது என்பதை வரிசையாக நிற்கும் உணர்கருவிகள் பதிவு செய்கின்றன. தகட்டை ஒட்டிய கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டால் மேலடுக்குகளின் வலு தெரியும். தொலைவில் உள்ளவை அடிமண்ணின் வலுவைக் காட்டிவிடும். ஒரு துளைகூடப் போடாமல் சாலையின் உட்புறத்தைப் படித்துவிடலாம்.

அடுத்தது போக்குவரத்துக் கணக்கு. சாலையின்மேல் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைக் கிடத்துகிறார்கள். சக்கரம் ஏறியதும் குழாய்க்குள் காற்று அழுந்தி ஓரத்துப் பெட்டியில் பதிவாகிறது. இரண்டு பதிவுகளுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து வேகமும், அச்சுகளுக்கு இடையே உள்ள தூரமும், அதைக்கொண்டு வண்டியின் வகையும் கிடைக்கின்றன. வகை மிக முக்கியம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைத் தடங்களில் ராணுவ வீரர்கள் லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். அச்சின்மேல் விழும் எடை கூடினால், சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்பது அதிலிருந்து தெரியவந்தது. எடை 2 மடங்கானால் சேதம் 16 மடங்கு. 10 மடங்கானால் 10,000 மடங்கு. எனவே எத்தனை வண்டி என்பதைவிட எத்தனை பார லாரி என்பதே எவ்வளவு தடிமனாகப் போடுவது, எவ்வளவு நிதி கேட்பது என்பதை முடிவு செய்கிறது.

பிறகு பயன்களைப் பணமாக்குகிறார்கள்: மிச்சமாகும் பயண நேரம், எரிபொருள், தவிர்க்கப்படும் விபத்துகள். நாளைய பயனுக்கு இன்று மதிப்பு குறைவு என்பதால் ஆண்டுக்கு ஒரு கழிவு விகிதமும் உண்டு. 7 சதவீதம் என்று வைத்தால், 10 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 இன்று ஏறக்குறைய 51தான். இப்படிச் சுருக்கிய பயனைச் செலவால் வகுத்து வரும் எண் 1ஐத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் பல மானியத் திட்டங்களில் நகரம் தன் பங்குத்தொகையைப் போட்டாக வேண்டும். சிலவற்றில் வேலையை முடித்துப் பில் காட்டிய பிறகே பணம் வரும். கையில் காசில்லாத சிறு நகரங்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. நடந்து செல்பவரின் கால் அந்த ரப்பர் குழாயில் பதிவாகாது. பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் செல்பவர்கள், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் முதியவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் நிறைந்த குறுக்குத் தெரு, வெறும் வண்டி எண்ணிக்கையில் எப்போதும் தோற்கும். அதற்கு நிதி வேண்டுமென்றால் காலையிலும் மாலையிலும் ஆள் நிறுத்தியோ கேமரா வைத்தோ நடப்பவர்களை எண்ணி, அந்த அட்டவணையையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.