பாட்டு லேப்டாப்பில் ஓடட்டும், போன் ரிமோட்டாக மட்டும் இருக்கட்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பாட்டுப் போடுகிறவர்கள் பலர் இப்போது போனைப் புளூடூத்தில் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நடுவில் ஒரு சுவர் வந்தாலே பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். தாலி கட்டும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் ரிங்டோன் எல்லா ஸ்பீக்கர் பெட்டியிலும் அலறும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒலியே போன் வழியாகப் போகிறது. ஒலி லேப்டாப்பிலிருந்து கம்பி வழியாக மிக்ஸருக்குப் போகட்டும், போன் கட்டளை மட்டும் அனுப்பட்டும். அப்போது போனில் சார்ஜ் தீர்ந்தாலும் பாட்டு நிற்காது.

இதற்குக் காசு கொடுத்து எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். பாட்டும் வீடியோவும் ஓட்டும் விஎல்சி பிளேயரிலேயே வசதி இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, கீழே இடது மூலையில் ‘ஷோ செட்டிங்ஸ்’ என்பதில் ‘ஆல்’ என்று மாற்றுங்கள். இன்டர்ஃபேஸ் என்பதற்குள் ‘மெயின் இன்டர்ஃபேசஸ்’ போய் ‘வெப்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அதற்குள்ளேயே இருக்கும் ‘லுவா’ பக்கத்தில், எச்டிடிபி பகுதியில் பாஸ்வேர்ட் கொடுங்கள். சேவ் செய்து விஎல்சியை மூடித் திறங்கள். பாஸ்வேர்ட் கொடுக்காமல் விட்டால் விஎல்சி உள்ளே விடாது. பாதிப் பேர் நிற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து லேப்டாப்பின் ஐபி முகவரி, அதாவது வைஃபையில் அதை அடையாளம் காட்டும் எண். கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) அடித்தால் ஐபிவி4 என்ற வரியில் 192.168.1.20 என்பதுபோல ஒன்று தெரியும். போனும் அதே வைஃபையில் இருக்க வேண்டும். போன் பிரவுசரில் எச்டிடிபி என்பதையும் சேர்த்து அந்த முகவரியையும், கடைசியில் முக்காற்புள்ளி வைத்து 8080 என்பதையும் அடியுங்கள், http://192.168.1.20:8080 என்பதுபோல. எச்டிடிபிஎஸ் என்று அடித்தால் திறக்காது. யூசர் நேம் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்வேர்ட் மட்டும் கொடுங்கள்.

திறக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். லேப்டாப் பிரவுசரிலேயே, அந்த லேப்டாப்பையே குறிக்கும் 127.0.0.1 போட்டு, அதே 8080-ஐச் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு விஎல்சி அமைப்பில். அங்கே வந்து போனில் வரவில்லை என்றால் நெட்வொர்க்கில். பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால்தான் மறிக்கும். முதல் தடவை அது அனுமதி கேட்கும்போது அவசரத்தில் ‘கேன்சல்’ அழுத்திவிட்டால், விஎல்சியைத் தடுக்கும் விதியை விண்டோஸ் தானே எழுதி வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. ஃபயர்வாலின் இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் விஎல்சி பெயரில் இருக்கும் தடைகளை நீக்கிவிட்டு, ‘பிரைவேட்’ நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். உங்கள் வைஃபையும் ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மண்டபத்து கெஸ்ட் வைஃபையில் எவ்வளவு முயன்றாலும் கிடைக்காமல் போகலாம். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள்.

அதனால் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சொந்தமாக ஒரு சாதாரண ரவுட்டரை லேப்டாப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இன்டர்நெட் தேவையே இல்லை. ஆனால் இன்டர்நெட் இல்லாத வைஃபையைப் போன் தானாக விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும், ஆகவே வேலை முடியும்வரை டேட்டாவை அணைத்து வையுங்கள். கூட்டத்தில் மனித உடம்பே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். ரவுட்டரை மேசைக்கு அடியில் வைக்காமல் தலைக்கு மேலே வையுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மழையில் கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். திரும்ப வந்ததும் லேப்டாப்புக்கு வேறு ஐபி கிடைக்கலாம். நேற்று வேலை செய்த முகவரி இன்று திறக்காததற்கு இதுதான் வழக்கமான காரணம். ரவுட்டர் அமைப்பில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்பதில் லேப்டாப்புக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால் அதே வோல்ட்டில், அதன் ஆம்பியருக்குக் குறையாத மினி யுபிஎஸ் ஒன்று போதும். லேப்டாப் ஸ்லீப் ஆகாதபடியும், மூடினால் அணையாதபடியும் பவர் செட்டிங்கை மாற்றுங்கள். விண்டோஸின் நோட்டிஃபிகேஷன் சத்தங்களையும் ‘நோ சவுண்ட்ஸ்’ என்று வையுங்கள், இல்லையென்றால் அதுவும் பெட்டியில் வரும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். விஎல்சியின் இந்தப் பக்கம் பாட்டை மட்டும் காட்டுவதில்லை. கோப்பு திறக்கும் பகுதியை அழுத்தினால் லேப்டாப்பின் டிரைவும் ஃபோல்டர்களும் வரிசையாக வரும். பாஸ்வேர்ட் தெரிந்த யாரும் உங்கள் வீட்டு வீடியோவைப் போன் வழியாகவே தேடி எடுத்து மண்டபத் திரையில் ஓட்டிவிடலாம். 1234 என்று வைத்துவிட்டு, வைஃபை பாஸ்வேர்டையும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிற இடங்கள் நிறைய. அதோடு இந்தப் பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் மறையாக்கம் இல்லாமல் போகிறது, லேப்டாப்பின் அமைப்புக் கோப்பிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. பேங்க், மெயில் பாஸ்வேர்டை இங்கே மறந்தும் போடாதீர்கள். பாட்டு லேப்டாப்பில் தனி விண்டோஸ் கணக்கு தொடங்கி, அதில் பாட்டு மட்டும் வையுங்கள். வெளியூரிலிருந்து இயக்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங், அதாவது இன்டர்நெட்டிலிருந்து லேப்டாப்புக்கு வழி திறப்பது, செய்யவே கூடாது. அது முன்வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதுபோல.

கோயில், சர்ச் அலுவலகம்போல ஒரே இடத்தில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயரும், அதைப் போன் பிரவுசரிலிருந்து இயக்க உதவும் பீஃப்வெப் என்ற இணைப்பும் மேல். முகவரியின் கடைசியில் 8080-க்குப் பதில் அதன் போர்ட் எண் 8880. நீங்கள் சேர்த்த பாட்டு ஃபோல்டர் மட்டும்தான் வெளியே தெரியும். பாஸ்வேர்ட் கேட்கும் அமைப்பை நீங்களே டிக் செய்ய வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் ஆப் போதும். போனையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை ஜோடி சேர்த்தால் மற்ற போன்களுக்கு அனுமதி இல்லை.

ஒலி அளவுக்கு ஒரு வார்த்தை. விஎல்சியை 100-இல் நிறுத்தி, மண்டபத்துக்குத் தேவையான உச்ச அளவை மிக்ஸரில் வையுங்கள். போனில் குறைக்க மட்டும் செய்யுங்கள். விஎல்சியில் 100-க்கு மேலும் ஏற்ற முடியும், ஆனால் ஒலி உடைந்து, கீச்சொலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குச் சேதம் வரலாம். போனில் தொட்டபின் திரை மாற ஒரு விநாடி ஆகலாம். பொறுக்காமல் பாட்டை நிறுத்தும் பாஸ் (pause) பொத்தானை இரண்டாம் தடவை தொட்டால், நின்ற பாட்டு மறுபடி ஓடும். முகூர்த்தத்தில் நடக்கும் குழப்பம் பெரும்பாலும் இதுவே. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000 இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் பந்தலில் போனோடு நிற்கிறவர், பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பதாக யாராவது வந்து சொன்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே குறைக்க முடிகிறது.

நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும்போது அந்த ‘வெப்’ டிக்கை எடுத்துவிட்டு விஎல்சியை மூடுங்கள். அதே லேப்டாப் நாளை வேறொரு மண்டபத்து வைஃபையில் இணையும்போது, இந்தப் பக்கம் அங்கே திறந்திருக்கக் கூடாது.