கோணல் கொம்பை நம்பலாம், அழகான கொம்பைத்தான் சோதிக்கணும்

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வேட்டை சீசன் சூடுபிடித்துவிடும். கால்நடை நோயறிதல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், சுட்ட மான்களின் படங்கள் என் போனுக்கும் வந்து குவியும். "டாக்டர், இது அசலா, ஒட்டு வேலையா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் தப்பான மானைக் காட்டித்தான் கேட்கிறார்கள். முண்டும் முடிச்சுமாக இருக்கும் கொம்பின் மேல் சந்தேகம். இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி விரிந்த பெரிய கொம்பைப் பார்த்தால் மட்டும் வாயைப் பிளந்து நம்பிவிடுகிறார்கள்.

மான் கொம்பு என்பது ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும் எலும்பு. வளரும் மாதங்களில் ரத்த ஓட்டமுள்ள மெல்லிய தோல் அதைப் போர்த்தியிருக்கும். வேட்டைக்காரர்கள் வெல்வெட் என்று சொல்வது அதைத்தான். கோடை முடிவில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது கொம்பு இறுகித் தோல் உரியும். குளிர்காலத்தில் அந்த ஹார்மோன் இறங்கியதும் கொம்பு கழன்று விழும்.

ஆண் மானின் விதைக்கொட்டை அடிபட்டாலோ, பிறவியிலேயே கீழே இறங்காமல் வயிற்றுக்குள் தங்கிவிட்டாலோ இந்தச் சுழற்சி நின்றுபோகும். தோல் உரியாது, கொம்பும் விழாது. ஆண்டுக்காண்டு முண்டு வைத்துப் பெருத்துக்கொண்டே போகும். பார்க்கக் கள்ளிச்செடி போல இருப்பதால் 'காக்டஸ் பக்' என்கிறார்கள். டிசம்பரில் வெல்வெட்டோடு ஒரு வெள்ளைவால் மான் மேசைக்கு வந்தால் நான் முதலில் கொம்பைப் பார்ப்பதில்லை, பின்னங்கால்களுக்கு நடுவே பார்ப்பேன். விதைகள் சுருங்கியிருந்தாலோ, இல்லாமலே இருந்தாலோ பதில் கிடைத்துவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் கோணலா? பின்னங்காலில் பழைய முறிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்னங்காலில் அடிபட்டால் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்புதான் கெடும். கொம்பு முளைக்கும் நெற்றி மேட்டில் காயம் என்றால் ஆயுசுக்கும் கோணல்தான். வளரும் கொம்பில் மட்டும் அடிபட்டிருந்தால் அடுத்த ஆண்டு சரியாகிவிடும். பெண் மானுக்கும் அரிதாகக் கொம்பு வரும், பெரும்பாலும் வெல்வெட் உரியாமலே. இதையெல்லாம் யாரும் மெனக்கெட்டுப் போலியாகச் செய்ய மாட்டார்கள். விலை போகாதே!

விலை போவது அழகான கொம்புதான். ஏலத்தில் எடுத்த ஒரு தலையை எக்ஸ்ரே பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார் ஒருவர். வெளியே விரலால் தடவினால் ஒரு கீறல்கூட இல்லை. படத்திலோ, கொம்பின் நடுவே நீளமான ஸ்க்ரூ ஒன்று வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. வேறொரு மானின் கிளையை ஒட்டி, பூசி, சாயம் ஏற்றியிருந்தார்கள். மண்டையோட்டை நடுவில் பிளந்து, அகலம் கூட்டிப் பொருத்துவது இன்னொரு தந்திரம். கொம்புகளை அளந்து சாதனைப் பட்டியல் வைப்பது 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப். அது மண்டையோடு பிளந்த தலையைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காது. 60 நாள் உலர்ந்த பிறகுதான் அதிகாரபூர்வமாக அளக்கும்.

அந்தப் பட்டியலைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். அங்குலம் என்பது இங்கே கொம்பின் பல அளவுகளைக் கூட்டிக் கழித்து வரும் மதிப்பெண். வெள்ளைவால் மான்களில், இயல்பான வடிவக் கொம்பில் சாதனை, 1993இல் கனடாவின் சஸ்காச்சுவானில் சுடப்பட்ட மானுக்கு: 213 5/8 அங்குலம். ஒழுங்கற்ற வடிவத்தில், 1981இல் மிசூரியில் செத்துக் கிடந்த மானுக்கு: 333 7/8. 1998இல் மிச்சிகன்காரர் ஒருவர் முதல் சாதனையை முந்தும் மான் என்று படம் காட்டினார். கிளப்பின் பட்டியலுக்கு அது வரவே இல்லை, சண்டையும் ஓயவில்லை. படத்தை வைத்து எத்தனை ஆண்டு பேசினாலும் அப்படித்தான்.

யாராவது 400 அங்குலத்துக்கு மேல் என்று படம் அனுப்பினால் அது பண்ணை மானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொம்பு அசல்தான், ஆனால் தேர்ந்தெடுத்த இனவிருத்தி, சத்துத் தீவனம், உயர்ந்த வேலி என்று வளர்ந்தது. கிளப் அதைச் சேர்க்காது. காதுமடலில் அடையாளப் பட்டை போட்ட ஓட்டை இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். (ஆராய்ச்சிக்காகக் காட்டு மானுக்கும் பட்டை போடுவதுண்டு, அதனால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.)

கொம்பைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடுபவர்கள் அதே தலைக்குள் இருக்கக்கூடிய நோயைப் பற்றிக் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட மான் உருக்கி நோய் (CWD), மூளையை அரிக்கும் பிரியான் என்ற உருக்குலைந்த புரதத்தால் வருவது. உயிருள்ள மான்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதாலும் பரவும். தொற்றிய மான் பல மாதங்கள் கொழுகொழுவென்றே இருக்கும். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான ஆதாரம் இல்லை. இருந்தாலும், நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது.

அதனால் தலையைப் பாடம் செய்யக் கொடுக்கும்போதே தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்களைப் பரிசோதனைக்கு எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை இறைச்சியை ஃப்ரீசரில் தனியாக, மானுக்கான வேட்டை டேக் எண்ணை எழுதி வையுங்கள். வேறு மாநிலத்தில் சுட்டிருந்தால் முழுத் தலையோடு எல்லை தாண்டும் முன் விதியைப் பாருங்கள். பல மாநிலங்கள் மூளையும் தண்டுவடமும் நீக்கிய மண்டையோட்டை மட்டுமே உள்ளே விடுகின்றன.