சேற்றில் வரும் மின்சாரம் பாக்டீரியா தந்ததா, தகடு தந்ததா?

கண்காட்சிக்கு வரும் 'சேற்று மின்கல'த்தில் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் செருகியிருந்தால், அங்கே பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. கரைவது துத்தநாகம். சேற்றைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் மீட்டர் ஏறும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டி நுண்ணுயிர் மின்சாரம் என்று சொல்லிக்கொடுப்பது தவறு.

நுண்ணுயிர் மின்சாரம் தருவது உண்மைதான். 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர் காட்டிவிட்டார். காற்றுப் புகாத சேற்றில் ஜியோபேக்டர் என்னும் பாக்டீரியா, மக்கும் பொருளிலிருந்து வரும் அசிடேட்டைத் தின்று, எலக்ட்ரானை இரும்பு ஆக்சைடிடம் தள்ளும். பக்கத்தில் கார்பன் இருந்தால் அதனிடமும் தள்ளும்.

எனவே கலம் செய்ய, கரையும் உலோகம் வேண்டாம்; இரண்டு முனைக்கும் ஒரே வகைக் கார்பன் ஃபெல்ட் (கார்பன் இழைக் கம்பளம்), 10 செ.மீ. சதுரம். புது ஃபெல்ட் தண்ணீரை ஒட்டாது. கொதிக்கவைத்து உள்காற்றை வெளியேற்றுங்கள். டைட்டானியம் கம்பியைக் கோத்து, செம்பு ஒயர் இணைப்பைத் தண்ணீருக்கு மேலேயே வையுங்கள். செம்பு நனைந்தால் அதுவும் அரித்துப் பொய்க் கணக்குக் காட்டும். வாளியில் எடுத்த குளத்தின் கருஞ்சேற்றில் ஒரு ஃபெல்ட்டைப் புதைத்து, மேலே 10 செ.மீ. சேறு, அதன்மேல் தண்ணீர், தண்ணீர்மட்டத்தில் இன்னொன்று. இரண்டின் ஒயருக்கும் நடுவே 1000 ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கேதான் அளக்க வேண்டும்; லோடு இல்லாத வோல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் சில நாள் ஒன்றும் வராது, பிறகு மெல்ல ஏறும். 300 மில்லிவோல்ட் வந்தால் 0.09 மில்லிவாட், அவ்வளவுதான். வீட்டு பல்பு எரியாது.

கூடவே இதே அமைப்பில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வாளி அவசியம்: குக்கரில் ஒரு மணி நேரம், மறுநாள் மறுபடி ஒரு மணி நேரம் வேகவைத்த சேறு. அதிலும் அதே அளவு வந்தால் உங்கள் மின்சாரம் உயிரிலிருந்து வரவில்லை.

வோல்ட் கூட்ட ஒரே வாளியில் இரண்டு ஜோடியைத் தொடராக இணைக்காதீர்கள். தண்ணீரே இடையில் ஷார்ட் ஆக்கிவிடும். தனித்தனி வாளியானாலும் பலவீனமானது தலைகீழாகத் திரும்பிவிடும். இணையாகக் கட்டி, வோல்ட்டை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் சுற்று போடுவதே மேல். கோடை வெயிலில் தண்ணீர் வற்றி மேல் ஃபெல்ட் காய்ந்தாலும் மின்னோட்டம் விழும்.

எங்கள் கணிப்பில் கொங்குப் பகுதிக்கு இதன் பெரிய பயன் கழிவுநீர்க் கண்காணிப்பு. கழிவை மக்கவைக்க நுண்ணுயிர் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனைக்கு 27 டிகிரியில் 3 நாள் காத்திருக்க வேண்டும்; இந்தக் கலத்தின் மின்னோட்டமோ கரிமச் சுமை (மக்கும் கழிவின் அளவு) மாறினால் சில மணி நேரத்திலேயே மாறும். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் நல்ல தீனிதான், ஆனால் புளித்தது. சுண்ணாம்பு கலந்து பி.எச். 7-க்குக் கொண்டுவந்த பிறகே விடுங்கள். திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணீரில் உள்ள அசோ என்னும் செயற்கைச் சாய வகையே எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். அங்கே மின்னோட்டம் குறைந்தால், பாக்டீரியா செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், முதலில் சாயத்தின் அளவை அளந்து பாருங்கள்.